மேலிருந்து ரேடார், உள்ளிருந்து கேமரா

ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் உள்ள யாஷியோ நகரில், 2025 ஜனவரி 28 அன்று ஒரு நாற்சந்தி உள்வாங்கியது. லாரி ஒன்று ஓட்டுநரோடு குழிக்குள் போனது. பல மாதத் தேடலுக்குப் பிறகே அவர் உடல் கிடைத்தது. சுமார் 10 மீட்டர் ஆழத்தில், 4.75 மீட்டர் விட்டத்தில் 1983-இல் பதித்த கழிவுநீர்க் குழாய் அரித்துப்போனதே காரணம் எனக் கருதப்படுகிறது. சாலையின் அடிவயிற்றைப் பார்க்க நகரங்கள் நம்பியிருக்கும் ரேடாரையும் கேமராவையும் எடைபோட இதைவிடக் கடினமான இடம் இல்லை.

ரேடாரின் பெரிய பலம் வேகம். வாகனத்தில் பொருத்திவிட்டால் போக்குவரத்தை நிறுத்தாமலே கிலோமீட்டர் கணக்கில் பார்த்துவிடலாம். அனுப்பிய அலை எதில் பட்டுத் திரும்பியது என்பதைத் திரையில் படிப்பதுதான் கைத்தேர்ச்சி. குறுக்கே கிடக்கும் குழாய் கவிழ்ந்த வில்லாகத் தெரியும். இரும்பில் பட்ட அலையின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஒரு வரிசையில் வந்தால், காற்று நிறைந்த பொந்தில் பட்டவை வரிசை புரண்டு வரும். அதே பொந்தில் தண்ணீர் நின்றுவிட்டால் வரிசை மறுபடி இரும்பைப் போலவே ஆகிவிடும். மழைக்காலத்தில் ஆளை ஏமாற்றும் இடம் இது. ஆழமும் குறைவு. 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா நல்ல மண்ணில் 2 மீட்டர், சற்று மேலே போகும். ஈரக் களிமண்ணில் அதுவும் கிடையாது, அலையை மண்ணே விழுங்கிவிடும்.

கேமராவுக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல. மேன்ஹோல் வழியாக இறங்கிக் குழாய்க்குள்ளேயே ஊர்ந்து, விரிசலையும் விலகிய இணைப்பையும் நேரில் காட்டும். ஆனால் வேலை மெதுவாக நடக்கும். நீரோட்டமும் குறைந்திருக்க வேண்டும். கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு, பாக்டீரியாவால் கந்தக அமிலமாகிக் குழாயின் கூரையைத் தின்கிறது. தின்றது போக எத்தனை அங்குலம் மிச்சம், அதற்குப் பின்னால் மண் இருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. யாஷியோ குழாயையும் சில ஆண்டுகளுக்கு முன் சோதித்து, உடனடிப் பழுதுபார்ப்பு தேவையில்லை என்றே பதிந்திருந்தார்கள்.

ஆழ்குழாய்களைப் பொறுத்தவரை என் ஓட்டு கேமராவுக்கே. உடைந்த குழாய்க்குள் மண் சரியச் சரிய, பொந்து மேல்நோக்கி வளர்கிறது. 10 மீட்டரில் பிறந்த பொந்து ரேடாரின் பார்வைக்குள் வரும்போது முக்கால்வாசி தூரத்துக்கு மேல் ஏறி வந்திருக்கும். பழைய குடிநீர்க் குழாயும் வீட்டு இணைப்புகளும் மேலாக ஓடும் தெருக்களிலோ கதை நேர்மாறு. அங்கே ரேடார் வண்டியை அனுப்பி, சந்தேகப்படும் இடத்தில் மட்டும் துளைபோட்டுப் பார்ப்பதே சிக்கனம். ஆள் நுழையும் பெரிய குழாய்களில் ரேடாரையே உள்ளே கொண்டுபோய், சுவரோடு ஒட்டி வெளிப்பக்கம் பார்க்கவும் வழி உண்டு.