ஆஞ்சியோவின் கதை: மையும் ஒளியும்

எங்க தென்காசி, குற்றாலம் பக்கம் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் அடுத்த கேள்வி, "ஆஞ்சியோ பாத்தாச்சா?" என்பதுதான். அந்த ஆஞ்சியோவுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு நண்பர்களே.

ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டன்தால் என்ற இருவர் ஒரு கையின் இரத்தக் குழாய்களைப் படம் எடுத்துவிட்டார்கள். ஆனால் அது உடலிலிருந்து துண்டித்த கை! உள்ளே செலுத்தியது சுண்ணாம்பும் பாதரசச் சேர்மமும் கலந்த கலவை. உயிருள்ள ஆளுக்கு அதைப் போட முடியுமா?

சிக்கல் இதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், இரத்தம் தனியாகத் தெரியாது. ஏதாவது மை செலுத்தியே ஆகவேண்டும். 1927-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளையின் குழாய்களைப் படமெடுக்க முதலில் ஸ்ட்ரான்சியம் புரோமைடு போட்டார். ஒரு நோயாளி இறந்தார். அதன்பிறகே அயோடினுக்கு மாறினார். இன்று ஆஞ்சியோவில் போடுவதும் அயோடின் மைதான். ஆனால் கிட்னி பழுதானவர்களுக்கு அதுவும் ஆபத்து.

மையைக் குறைக்க ஒளியை மாற்றலாமே? சாதாரண எக்ஸ்ரே குழாய் நம்ம மெயினருவி மாதிரி. எல்லா ஆற்றலும் கலந்து கொட்டும். அயோடினோ 33.17 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் திடீரென்று கதிரை அதிகமாக விழுங்கும். அதற்குத் தோதான கதிரை மட்டும் பிரித்தெடுத்தால் கொஞ்ச மையே போதும். 1986-ல் ஸ்டான்போர்டில் சின்க்ரோட்ரான் ஒளியால் மனித இதயத்தின் குழாய்களைப் படமெடுத்தார்கள். ஆனால் சின்க்ரோட்ரானை ஆஸ்பத்திரிக்குள் வைக்க முடியாது. இந்தூரில் உள்ள நம் இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவே 172 மீட்டருக்கு மேல்!

இங்கேதான் கையடக்க ஒளிமூலம் வருகிறது. வேகமாக எதிரே வரும் பஸ்ஸில் பட்ட பந்து இன்னும் வேகமாகத் திரும்புமல்லவா? அதேபோல் லேசர் ஒளியை எதிரே பாயும் எலக்ட்ரான்மேல் மோதவிட்டால் அது எக்ஸ் கதிராகத் திரும்பும். இதற்கு ஒரு பெரிய அறை போதும். 2015-ல் ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அப்படி ஒன்றை நிறுவியது. மையைக் கணிசமாகக் குறைக்கலாம் என்று 2017-ல் அங்கே காட்டினார்கள். நோயாளியிடம் அல்ல, ஆய்வகத்தில்தான். துடிக்கும் இதயத்தைப் பிடிக்க அந்த ஒளியின் பலம் போதாது.

மை பாதுகாப்பானதாக மாற ஓர் உயிர் போனது. ஒளி சிறிதாக எத்தனையோ வருட உழைப்பு. தென்காசி தனி மாவட்டமானது 2019-ல். இந்தக் கருவி ஒருநாள் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தால், கிட்னி நோயாளியும் பயமில்லாமல் ஆஞ்சியோ பார்க்கலாம். பெரிய கண்டுபிடிப்பு மட்டும் போதாது, அது நம்ம ஊர்வரை வந்து சேரவும் வேண்டும்.