கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். சென்னை தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடி. மதிய வேளை என்பதால் புடவைப் பிரிவில் கூட்டம் சற்றே ஓய்ந்திருந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இருபது வயதுக்குமேல் இராது. வலது பாதத்தைத் தூக்கி இடது கெண்டைக்காலில் வைத்துத் தேய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றிக்கொண்டாள். அவள் முழங்காலை ஒட்டியே நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கிடந்தது. அதன்மேல் பிரிக்காத பிளவுஸ் பிட் கட்டுகள் நான்கு.

"உக்காந்துக்கோயேம்மா, இப்பத்தான் யாருமில்லையே" என்றேன்.

"கேமராவுல தெரியும்க்கா. அண்ணாச்சி மைக்குல பேரச் சொல்லிக் கூப்ட்டுருவாவ" என்றாள் தாழ்ந்த குரலில். பேச்சில் நெல்லைச் சீமை இருந்தது.

அந்த ஸ்டூல் அவள் பக்கத்தில் வந்து சேர எத்தனை ஆண்டு ஆனது, எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று அவளிடம் சொல்ல அப்போது நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர் ஜவுளிக்கடைக்கு முதலில் ஸ்டூலே தேவைப்படவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏறினால், வெள்ளை உறை போட்ட மெத்தை விரித்திருக்கும். வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம் உட்கார, துணி காட்டுகிறவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து புடவையை விசிறி விரிப்பார். அலமாரியிலிருந்து எடுக்க எழுவார், மறுபடி உட்காருவார். அன்றைக்கும் கூலி குறைவுதான், கடை அடைக்க இரவு வெகுநேரமாகும். ஆனாலும் கால்களுக்கு அவ்வப்போது ஓய்வு கிடைத்தது. இன்றும் சில கடைகளின் பட்டுப் பிரிவில் அந்த மெத்தையைப் பார்க்கலாம்.

பிறகு கண்ணாடி கவுன்ட்டர் வந்தது. ஒரு கட்டு கடை நாலு மாடிக் கடையாக வளர்ந்தது. வாங்க வருகிறவருக்கு மெத்தை வைத்த இருக்கை போட்டார்கள். முதலாளிக்குக் கல்லாவில் நாற்காலி அப்படியே இருந்தது. நடுவில் விற்கிறவர் மட்டும் எழுந்து நிற்கும்படி ஆனது. 'இனி நீங்கள் உட்காரக் கூடாது' என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. மேசையின் உயரம் மாறியது, அதோடு ஒரு மனுஷிக்கு உட்காரும் இடம் போயிற்று. அவ்வளவு சத்தமில்லாமல் போன ஒன்றைத் திரும்பக் கேட்கத்தான் இத்தனை சத்தம் போட வேண்டியிருந்தது.

இங்கிலாந்துக் கடைகளில் இந்த வழக்கு நமக்கு முன்பே நடந்தது. கடைப் பெண்கள் நாள் முழுதும் நின்று நோயாளிகளாவதைப் பற்றி அங்கே ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்து, 1899இல் கடை ஊழியர் இருக்கைச் சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்பது கணக்கு. மூவரில் இருவர் நிற்கத்தான் வேண்டும், ஆனாலும் அது ஒரு தொடக்கம். அதே காலத்தில் கடைப் பெண்களின் நிலையை நேரில் ஆராய்ந்து எழுதியவர் மார்கரெட் பான்ட்ஃபீல்ட். பதினான்கு வயதில் கடை வேலைக்குப் போனவர். 1929இல் அந்த நாட்டின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார். அவருக்குக் கிடைத்த துறை தொழிலாளர் துறை.

லண்டன் கடைக்கு வந்த இருக்கை, அதே பிரிட்டிஷ் ஆட்சி நடந்த சென்னை மாகாணத்துக்குக் கப்பலேறவில்லை. 1947இல் வந்த சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வார விடுமுறை என்று பல நல்ல காரியங்களைச் செய்தது. உட்காருவதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மறு ஆண்டு, 1948இல், மத்திய அரசின் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. அதன் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளிக்கு இடையிடையே உட்கார வசதி செய்து தரச் சொன்னது. ஆலைக்குள் இருக்கை வந்துவிட்டது. அந்த ஆலை நெய்த துணியை விற்கிற கடைக்குள் வர இன்னும் 70 ஆண்டுக்குமேல் ஆனது. இயந்திரத்தின் முன் நின்றால்தான் உடம்பு தேயும், புடவையின் முன் நின்றால் தேயாது என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைச் சதை இறுகித் தளர்ந்து அதை மேலே தள்ளும். ரத்தக் குழாய்க்குள் இருக்கும் சிறு தடுப்புகள் அது கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் சதைக்கு வேலையில்லை, ரத்தம் காலிலேயே தேங்கும். நாளாக ஆகத் தடுப்புகள் பழுதாகி, முழங்காலுக்குக் கீழே நீல ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு புடைக்கும். டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள். கடைப் பெண்கள் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள். வீக்கமும் இடுப்பு வலியும் கூடவே வரும்.

ஸ்டூலின் பயணத்தில் அடுத்த ஊர் கோழிக்கோடு. அங்கே மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது இருக்கைகூட இல்லை, கழிப்பறை. கடையில் அது இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்தார்கள். அதிலிருந்துதான் உட்காரும் உரிமைப் போராட்டம் கிளைத்தது. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் பெண்கள் ஆறு பேர் கடை முன்னே போராட்டத்தில் அமர்ந்தார்கள். நூறு நாளைத் தாண்டியும் எழவில்லை. உள்ளே உட்காரக் கிடைக்காதவர்கள் வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். 2018இல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று எழுதியது.

தமிழ்நாட்டில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு 2019இல் இதற்குச் சம்மதம் சொன்னது. அதே 2019இல்தான், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற அரசாணையும் வந்தது. கடை திறந்திருக்க அனுமதி உடனே கிடைத்தது. கடைக்குள் உட்கார அனுமதி இன்னும் இரண்டு ஆண்டு காத்திருந்தது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்று ஒரு சிறு பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கிடையே வாய்க்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். அப்படித்தான் நீல ஸ்டூல் கவுன்ட்டருக்குப் பின்னால் வந்தது.

இப்போது அது டெல்லி வரை போய்விட்டது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21இல் அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, நின்று வேலை செய்பவருக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்கிறது. பத்து தொழிலாளர் இருந்தால் கடையும் அதற்குள் வரும். பழைய சட்டங்கள் சிக்கலானவை, ஒன்றில் 'கூலி' என்றால் ஓர் அர்த்தம், இன்னொன்றில் வேறு அர்த்தம், அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று அரசும் தொழிலதிபர்களும் சொல்வதில் நியாயம் உண்டு. எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் என்பதை நான் மனதார வரவேற்கிறேன். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் வேலை பார்க்கும் கடைப் பெண்ணுக்கு அது பெரிய துணை.

தொழிற்சங்கங்கள் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. ஆலைகளில் அரசின் முன் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யும் வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்துவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயமாகிவிட்டது. ஆய்வாளர் இனி ஆய்வாளர் மட்டுமில்லை, முதலாளிக்கு ஆலோசனை சொல்லி உதவுகிறவரும் அவரே. எங்கே போய்ப் பார்ப்பது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் சொல்லும்.

இந்த விவாதத்தில் என் அளவுகோல் அந்த ஸ்டூல்தான். ஆய்வாளர் வந்தால் ஸ்டூல்களை எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். யாராவது அதில் உட்கார்ந்தார்களா என்பது அவருக்குத் தெரியாது. நின்றவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாய் திறந்தால்தான் சட்டம் நடக்கிறதா என்று தெரியவரும். ஆனால் இந்தப் பெண்களில் பலர் கடை நடத்தும் விடுதியிலேயே தங்குகிறவர்கள். வேலை போனால் அன்றிரவு படுக்க இடமும் போகும். அப்படிப்பட்டவளிடம் போய், உரிமை இருக்கிறது, புகார் கொடு என்று சொல்வது எளிது. பேசினால் வேலை போகாது என்ற உறுதி, கூட நின்று பேச ஆள் இருக்கும் சங்கம், புகாரின் பேரில் கட்டாயம் வந்து பார்க்கும் அதிகாரி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஸ்டூல் இருக்கையாகும். சீர்திருத்தம் இந்த மூன்றில் எதைக் குறைத்தாலும், தாளில் இருக்கை இருக்கும், கால் வலியும் இருக்கும்.

பேசினால் நடக்கும் என்பதற்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. 2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

இனி அந்த இரண்டாம் மாடிக்கு வருகிறேன். நான் எனக்குப் போட்ட இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, மைக் வைத்திருப்பவருக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்: "நிதானமா பாக்கணும்மா. நீயும் உக்காந்தே காட்டு."

அவள் மேலே கேமராவைப் பார்த்தாள். பிறகு குனிந்து நான்கு கட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து புடவையைப் பிரித்தாள். மைக் சத்தம் வரவில்லை. மூன்று புடவை பார்த்து முடிக்கும் நேரம் அப்படி இருந்தாள். லிஃப்ட் கதவு திறந்து ஒரு குடும்பம் உள்ளே வர, எழுந்துகொண்டாள்.

பில் போடப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். கட்டுகள் தரையிலேயே இருந்தன. ஸ்டூலை அவள் காலியாக விட்டிருந்தாள்.