வாயில் யாருக்கு?

வீடு கட்டி முடித்தவன் முதலில் அழகு செய்ய விரும்பும் இடம் வாயில். தேக்கில் நிலை, பித்தளையில் கைப்பிடி, தரையில் பளிங்கு, இருபுறமும் பூந்தொட்டி, மேலே "நல்வரவு" என்று பொன்னெழுத்து. அந்தப் பொன்னெழுத்துக்கு ஒரு முழம் மேலே, விழியை உருட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, கோரைப்பல் காட்டி நிற்கும் ஓர் அரக்கன் முகம்! வருக என்று எழுத்து அழைக்கிறது. வருகிறவரின் கண் பட்டுவிடும் என்று பொம்மை மிரட்டுகிறது. அன்பையும் அச்சத்தையும் ஒரே சுவரில் மாட்டி வைக்கும் இந்த வேடிக்கையைச் சேலத்தின் புதுத் தெருக்களிலும் காணலாம். பனமரத்துப்பட்டியின் பழந்தெருக்களிலும் காணலாம். வாயிலை எப்படி அழகு செய்வது என்று கேட்குமுன், வாயில் யாருக்கு என்று கேட்பதே முறை. அந்தக் கேள்விக்குத் தமிழகத்தின் வரலாறு தரும் விடையில் பெருமையும் உண்டு; வெட்கமும் உண்டு.

முதலில் பெருமை. இல்லத்தின் வாய் 'இல்வாய்'. அதுவே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்பர் இலக்கண நூலார். இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறைகளில் இன்றும் சொல்லப்படும் சொல் இது. வீட்டுக்கு வாய் உண்டு. அது பேசும் என்று கருதியவர்கள் நம் முன்னோர். தொல்காப்பியத்தின் கற்பியல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பிணங்கி நிற்கும் கணவனையும் மனைவியையும் இணைத்து வைப்போர்க்கு அது 'வாயில்கள்' என்றே பெயர் சூட்டுகிறது. தோழி, தாய், பாணன், கூத்தர் எனச் செல்லும் அந்தப் பட்டியலில் விருந்தினரும் இருக்கின்றனர். விருந்து வந்து நின்றால் வீட்டுப் பிணக்கு முகம் மறைத்துக்கொள்ளும் அன்றோ! வாயிலில் வந்தவரையே வாயில் என்று அழைத்த மொழி நம் மொழி.

வாயிலை அழகு செய்வதும் நமக்குப் புதிதன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை பாண்டியன் அரண்மனை வாயிலைக் கண்முன் நிறுத்துகிறது. இரும்பால் பிணித்துச் செவ்வரக்கு வழித்த இணைக்கதவு. குவளை மொட்டும் பிடியானையும் செதுக்கிய வேலைப்பாடு. நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பிய நெடுநிலை. வெற்றிக்கொடி ஏந்திய யானை குனியாமல் நுழையும் உயரம். உள்ளே மணல் பரப்பிய முற்றம். இத்தனை சிறப்பும் கொண்ட மாளிகைக்குள் அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். அவள் எதிர்நோக்கும் மன்னன் போர்ப் பாசறையில் இருக்கிறான். யானை நுழையும் வாயில் இருந்தும் வரவேண்டியவர் வராத வீடு அது. வாயிலின் அழகு கதவில் இல்லை என்பதை அந்தப் பாட்டு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேலத்துக்கு அண்டை நாடான தகடூரில், இன்றைய தருமபுரியில், அரசு வீற்றிருந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. பரிசில் தரக் காலம் தாழ்த்திய அவன்மீது சினந்து, ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 206-ஆம் பாட்டாக நிற்கிறது. பாட்டு மன்னனை நோக்கிப் பேசவில்லை. வாயிற்காவலனை நோக்கிப் பேசுகிறது. கலை கற்றவளுக்கு உலகில் வேறு வாசல் இல்லாமற் போகாது என்று நிமிர்ந்து நின்று சொல்கிறாள் ஒரு பெண். வேந்தன் வாயிலில் நின்று அப்படிப் பேச முடிந்த காலம் ஒன்று இந்த மண்ணில் இருந்தது என்று நெஞ்சம் நிமிரலாம்.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அது வரலாறு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும். ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனின் வாயில் அடைக்கப்படுவதே இல்லை என்று புகழ்கிறது சிறுபாணாற்றுப்படை. யாருக்கு அடைக்கப்படுவதில்லை? பொருநருக்கு, புலவருக்கு, மறையோதும் அந்தணருக்கு. அந்த மன்னனுக்கு நெல் விளைத்தவனுக்கும், கதவுக்கு இரும்பு அடித்தவனுக்கும் அவ்வாயில் எப்படி இருந்தது? பாட்டு அதைப் பேசவில்லை. பாடாமல் விட்டவர்களின் கதையையும் தேடுவதுதான் வரலாறு படிப்பவரின் கடமை.

அரண்மனையை விட்டுக் குடிமக்கள் தெருவுக்கு வருவோம். தமிழ் வீட்டு வாயிலின் தனிச்சிறப்பு திண்ணை. காவிரிப்பூம்பட்டினத்து வீடுகளின் நெடிய படிகளோடு திண்ணையையும் சேர்த்தே பட்டினப்பாலை பேசுவதால், அச்சொல்லும் அப்பொருளும் மிகப் பழையவை என்பது உறுதி. வழிநடந்து வந்தவன் சுமையை இறக்கிக் காலை நீட்டப் பூட்டில்லாத ஓர் இடம். கேட்காமலே கிடைக்கும் நிழல். சேலத்து நெசவாளர் தெருக்களில் பெண்கள் இராட்டையில் தார் சுற்றிய இடமும் அதுவே. பாவு நீட்டப் பாவடி, தார் சுற்றத் திண்ணை, தறி ஓட்ட உள்வீடு என்று தெருவும் வீடும் ஒன்றோடொன்று கலந்து வாழ்ந்த முறை அது.

அதே திண்ணைக்கு இன்னொரு முகமும் இருந்தது. தெரு, படி, திண்ணை, நடை, கூடம் என்று ஐந்தடி தொலைவுக்குள் ஐந்து எல்லைகளை வகுத்து வைத்தது சாதி. ஒருவன் கூடம்வரை வரலாம். ஒருவன் நடையோடு நிற்கவேண்டும். ஒருவனுக்குத் திண்ணையோடு சரி. ஒருவன் படியில் கால் வைக்கக்கூடாது. ஒருவன் தெருவிலும் தள்ளி நின்று குரல் கொடுக்கவேண்டும். அவனுக்குக் குடிநீர் கையில் ஊற்றப்பட்டது, குவளையில் தரப்படவில்லை. அவன் விளைத்த அரிசி மாவாகி அந்த வாசலில் கோலமாகக் கிடந்தது. அதை மிதிக்க அவன் காலுக்கு உரிமை இல்லை! கணவனை இழந்த பெண்ணுக்கோ, தன் வீட்டு வாசலே பகையாயிற்று. நல்ல காரியத்துக்குப் புறப்படுவோர் எதிரே அவள் வரக்கூடாது. விழா நாளில் வாசலில் கோலமிட அவள் கை ஆகாது. வருகிறவரை வரவேற்கும் இடம் என்று பெயர். வருகிறவரைத் தரம் பிரிக்கும் சுங்கச்சாவடியாக நடந்தது.

திண்ணையில் பள்ளிக்கூடமும் நடந்தது. மணலில் விரலால் எழுதி, பனையோலையில் எழுத்தாணியால் கீறிப் படித்த திண்ணைப் பள்ளிகள் நம் கல்வி வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். முன்னர்ச் சேலம் பாராமகாலில் அதிகாரியாக இருந்த தாமஸ் மன்றோ, சென்னை மாகாண ஆளுநராகி, 1822-இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். பயின்றோர் 1,88,650 பேர். வெள்ளையர் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தனர் என்பாருக்கு இந்தக் கணக்கு நல்ல விடை. ஆனால் கணக்கை இறுதிவரை படிக்கவேண்டும். அத்தனை பேரில் பெண்கள் 4,540 பேர்; நூற்றுக்கு மூவர்கூட இல்லை!

இதில் ஒரு கொடிய வேடிக்கை இருக்கிறது. திண்ணைமேல் பையன்கள் அரிச்சுவடி படித்தார்கள். அந்தத் திண்ணையின் காலடியில், விடியுமுன் குனிந்து, புள்ளிகளை எண்ணி வைத்து, ஒரு கோடும் விட்டுப்போகாமல் சிக்குக்கோலம் இழைத்தவள் பள்ளி மறுக்கப்பட்ட பெண். அவளை அறிவிலி என்றது உலகம். 1974-இல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் அந்தக் கோலங்களை ஆராய்ந்து, கணினி அறிவியலின் இலக்கண முறையால் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். புள்ளியைச் சுற்றி வளையும் கோட்டுக்கு விதி உண்டு. விதிக்குள் விரிவு உண்டு. எழுத்தறியாதவள் என்று ஏளனம் செய்யப்பட்டவளின் விரல் நுனியில் அந்த அறிவு இருந்தது. ஏட்டை மறுத்தனர், அவள் தரையை ஏடாக்கிக்கொண்டாள். காலையில் எழுதியது மாலைக்குள் அழிந்தது. மறுநாள் மீண்டும் எழுதினாள்.

சாத்திய வாயில்கள் தாமாகத் திறக்கவில்லை. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது; பெரியார் சிறை சென்றார். 1938-இல் சென்னை மாகாணத்தில் பொதுக் கிணறு, பொதுச் சாலை முதலியவற்றில் தடை செய்வதைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. 1939 சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தனர். 1950-இல் அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டம் வந்தது. சாலை, கிணறு, கடை, பள்ளி, கோயில் எனப் பொது வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஒரு வாயில் மட்டும் சட்டத்தின் கைக்கு எட்டவில்லை. அது வீட்டு வாயில். அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அம்பேத்கர், 1917-இல் பரோடா அரசுப் பணியேற்க வந்தார். தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதியில் வேறு பெயரில் தங்கினார். சில நாட்களில் தடியோடு வந்து வெளியேற்றினர். இந்து நண்பர் ஒருவரையும் கிறித்தவ நண்பர் ஒருவரையும் நாடினார். இரு வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. ஊர்ப் பூங்காவில் அமர்ந்து நேரம் கழித்து இரயில் ஏறினார். இதை அவரே எழுதி வைத்துள்ளார். அந்த நண்பர்கள் வீட்டு வாயில்களும் மங்கல அணிகளோடு விளங்கியிருக்கலாம். எந்த அணி அவருக்குப் பயன்பட்டது? சட்டம் திறக்க இயலாத அந்தக் கதவை வீட்டுக்குரியவரின் மனம்தான் திறக்கவேண்டும்.

மனம் மாறும் என்பதற்கும் சான்று இல்லாமலில்லை. வீட்டு வாயிலின் முதல் அணி பெயர்ப்பலகை. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதியைச் சுமக்காதீர் என்று கேட்டது. இன்று தமிழகத் தெருக்களில் நடந்து பாருங்கள்; பெரும்பாலான பலகைகளில் பெயரும் பட்டமும் இருக்கின்றன, சாதி வால் இல்லை. அடுத்த படியாக, 1997-இல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தின் முதல் ஊர், 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகள், ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10, சாதிக்கொரு தெரு இல்லை. ஊரின் முகப்பில் பெரியார் சிலை. ஊர் முழுமைக்கும் அதுவே வாயில் அணி!

இதற்கிடையே திண்ணை மறைந்துவருகிறது. பேருந்து வந்தபின் வழிநடப்போர் குறைந்தனர். மனை விலை ஏறியது. திண்ணை இருந்த இடத்தில் வண்டி நிற்கிறது. அதற்கு முன்னே இரும்புக் கதவு, அதன்மேல் ஒரு கேமரா, பக்கத்தில் "நாய்கள் ஜாக்கிரதை". சாதி பார்த்த திண்ணை போனதற்காக அழவேண்டியதில்லை. ஆனால் அதன் குற்றம் கல்லில் இல்லை. கல்லின்மேல் உட்கார்ந்திருந்த கருத்தில் இருந்தது. கருத்தைக் காப்பாற்றிக் கல்லை மட்டும் இடித்துவிட்டால் ஊருக்கு நட்டம் இரண்டாகும். நிழலும் போகும், தடையும் நிற்கும்.

ஆகவே தோழர்களே, வாயிலை அழகு செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். பனமரத்துப்பட்டித் தோட்டங்களில் அரளி பூக்கிறது, குண்டுமல்லி பூக்கிறது, சேலத்துச் சந்தை வழியே எத்தனையோ வீட்டு வாயில்களுக்கு மாலையாகிறது. போகி நாளில் நம் பக்கத்தார் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டுகிறார்களே, அதில் புரோகிதர் இல்லை, பொன் இல்லை. காட்டோரத்துப் பூவும் கை உழைப்புமே போதும். குடிசைக்கும் மாடிக்கும் அன்று ஒரே அணி. அந்த எளிமையைப் போற்றுங்கள். இடமிருந்தால் இருமுழத்தில் ஒரு திண்ணை கட்டுங்கள். கடிதமும் பொட்டலமும் கொண்டுவரும் இளைஞன் வெயிலில் நிற்காமல் அமரட்டும். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை இருக்கட்டும். அதன்மேல் எல்லார்க்கும் ஒரே குவளை இருக்கட்டும். முதியவர் ஏறும் உயரத்தில் படி அமையட்டும். கோலமிடுவது மகள் வேலை மட்டும் ஆகவேண்டாம். மகனும் புள்ளி வைக்கப் பழகட்டும். கணவனை இழந்த தாயின் கையால் பொங்கல் நாள் கோலம் விரியட்டும். அரக்கன் பொம்மையைக் கழற்றிவிடுங்கள். அயலார் கண்ணுக்கு அஞ்சும் வீட்டில் "நல்வரவு" என்ற எழுத்து பொய்யாகிவிடும்.

பூட்டும் தாழும் கள்வனுக்காக இருக்கட்டும். பூவும் கோலமும் வருகிறவருக்காக இருக்கட்டும். பூப்பறித்தவளும், நிலை செதுக்கியவரும், சுவர் எழுப்பியவரும் ஒருநாள் அந்த வாயிலில் வந்து நின்றால், படியில் நிறுத்தாமல் "உள்ளே வாருங்கள்" என்று அந்த இல்லத்தின் வாய் சொல்லுமா? சொல்லும் எனில், அதைவிட அழகான வாயில் இந்த நாட்டில் இல்லை.