பாடநூல் இல்லாத தாய்மொழிகள்

மாதவரத்திலிருந்து புழல், செங்குன்றம் வழியாக வடக்கே நீளும் ஜி.என்.டி. சாலை, சென்னையையும் தெலுங்கு நாட்டையும் இணைக்கும் பழைய பெருவழி. இச்சாலையில் சரக்குகளோடும் மனிதர்களோடும் மொழிகளும் பயணம் செய்துள்ளன. இவ்வட்டாரத்து வீடுகளில் ஒலித்த மொழிகளுள் எவை பள்ளிக்குள் நுழைந்தன, எவை வாசலிலேயே நின்றுவிட்டன என்பதையே நாம் இங்குக் காண விழைகிறோம்.

முதலில் தெலுங்கு. 1812இல் சென்னையில் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழோடு தெலுங்கும் கற்பிக்கப்பட்டது. தென்னக மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டியதும் அச்சூழலில்தான். ஆகவே வடசென்னைக்குத் தெலுங்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. 1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை தமிழருக்கே நிலைத்தது. எல்லை பிரிந்ததே தவிர, வீடுகளின் மொழி பிரிந்துவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தாருள் ஏறத்தாழ 5.9 விழுக்காட்டினர் தெலுங்கைத் தாய்மொழியாகப் பதிந்துள்ளனர்.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு கூறுகிறது. அதற்கு முன்பே, 1949இல் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவுகோலை வகுத்திருந்தது: ஒரு பள்ளியில் 40 மாணவர்கள், அல்லது ஒரு வகுப்பில் 10 மாணவர்கள் இருந்தால் அம்மொழிக்கு ஆசிரியரை அமர்த்த வேண்டும்.

தமிழகம் 2006இல் தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றியது. முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. விலக்குக் கோரி மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றனர். 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் மேலும் ஓராண்டு விலக்களித்தது. தமிழகத்தில் வளரும் பிள்ளை தமிழ் அறியாதிருத்தல் அப்பிள்ளைக்கே இழப்பு. சட்டத்தின் நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தெலுங்கால் வழக்காட முடிந்தது. அதற்கு எழுத்துண்டு, இலக்கியமுண்டு, சங்கங்களுண்டு, அண்டையில் ஒரு மாநிலமே உண்டு.

இனிச் செங்குன்றத்தைத் தாண்டிச் செங்கற்சூளைகளுக்குச் செல்வோம். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா போன்ற மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் பல குடும்பங்கள் குழந்தைகளோடு இங்கு வந்து சூளைகளில் உழைக்கின்றன. 2010க்குப் பிறகான ஆண்டுகளில் அக்குழந்தைகளுக்கு ஒடியப் பாடநூல்களையும் ஒடியம் அறிந்த ஆசிரியர்களையும் கொண்டு வகுப்புகள் நடத்தப்பட்டன. போற்றத்தக்க பணி. ஆயினும் அப்பகுதி மக்கள் பலரின் வீட்டுமொழி சம்பல்புரி. நூலிலிருப்பதோ கடலோர ஒடியத்தைத் தழுவிய பொதுமொழி. எழுநூறு கல் கடந்து வந்தும், குழந்தைக்குக் கிடைத்தது தன் தாயின் பேச்சன்று; தன் மாநிலத்தின் மொழியே.

மாநிலமே இல்லாத மொழியின் நிலை என்ன? நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி, குசராத்தி போன்றவற்றுக்கு உறவான இந்தோ ஆரிய மொழி. அதைப் பற்றிய சீனிவாச வர்மாவின் ஆய்வை 1970இலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. மொழியியலாருக்கு நூல் கிடைத்தது, பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அச்சமூகம் 2023இல் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மொழிக்கோ வகுப்பறையில் இடமில்லை. ஊர் ஊராய்ச் சென்று பிழைப்போர், ஒரே வகுப்பில் பத்துப் பேரை எங்ஙனம் காட்டுவர்? நீலகிரிப் பக்கத்து இருளர் மொழியைத் தனிமொழியாகவே கருதிக் கமில் சுவலபில் நூல்கள் எழுதினார். 2011 கணக்கெடுப்போ அதைத் தமிழ் என்னும் தலைப்பின் கீழ் அடக்கிவிட்டது. எண்ணிக்கையிலேயே மறைந்த மொழிக்கு யார் ஆசிரியர் கேட்பது?

350அ பிரிவைச் சற்று உற்றுநோக்குங்கள். அங்கே தாய்மொழி என்ற சொல் இருக்கிறதே ஒழிய, எழுத்துடைய மொழி என்றோ மாநிலமுடைய மொழி என்றோ இல்லை. அந்நிபந்தனையை நடைமுறைதான் சேர்த்தது.

தமிழகம் தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றிய அதே காலத்தில், ஒடிசா சாந்தாலி, சவுரா, குவி உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி தரும் திட்டத்தை மேற்கொண்டது. ஒடிய எழுத்திலேயே பல முதற்பாடங்கள் அமைந்தன. குழந்தை வீட்டுமொழியில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநில மொழிக்கு வந்துசேரும். தமிழ் எழுத்தைக் கொண்டு இங்கும் இதைச் செய்யலாகாதா? அச்சமூகத்திலேயே படித்த ஒருவரை முதலிரண்டு வகுப்புகளில் துணையாசிரியராக அமர்த்தினாலும் போதும். ஆசிரியர் சொல்வது விளங்காமல் விழிக்கும் பிள்ளைக்கு அதுவே பெருந்துணை.

தாய்மொழிக்காக உயிரீந்தோரைப் போற்றும் மரபு நம்முடையது. தமிழைக் காக்க நாம் சொன்ன நியாயங்கள் அனைத்தும், புழல் ஏரிக்கரையில் வாக்ரிபோலி பேசி விளையாடும் குழந்தைக்கும் பொருந்துவனவே. அந்நியாயங்களை அக்குழந்தைக்காகவும் எடுத்துரைக்க நாம் முன்வருவோமா?