மொட்டை மரம் சொன்ன சேதி

இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் மரத்தைக் கண்டால் நமக்கு என்ன நினைவு வரும்? வீட்டுக் கணக்குப் பார்க்கிறவருக்கு விறகின் நினைவு வரும். மனம் சோர்ந்தவருக்குச் சாவின் நினைவு வரும். 17-ஆம் நூற்றாண்டில் 18 வயது இளைஞன் ஒருவனுக்குக் கடவுளின் நினைவு வந்தது.

அவன் பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். லொரேன் சீமையில் எளிய குடும்பத்தில் பிறந்தவன். ஒரு குளிர்காலத்தில் அப்படிப்பட்ட மரம் ஒன்றைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச காலத்தில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணினான். அவ்வளவுதான். கடவுளுடைய பராமரிப்பைப் பற்றி அன்று உண்டான எண்ணம் ஆயுள் முழுவதும் அவனை விட்டு அகலவில்லை.

கதை எழுதும் என் கையில் அவன் அகப்பட்டிருந்தால் அடுத்த அத்தியாயத்திலேயே அவனை மகானாக்கியிருப்பேன். சரித்திரத்துக்கு அந்த அவசரம் இல்லை. முப்பதாண்டு யுத்தத்தில் (1618–1648) சிப்பாயாகப் போய்க் காயம்பட்டவன், காலை நொண்டும்படி ஆயிற்று. பிறகு ஒரு கனவானிடம் சேவகம். தொட்டதையெல்லாம் போட்டு உடைக்கும் ஆசாமி தாம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1640-இல் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்து சகோதரர் லாரன்ஸ் ஆனார்.

மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. அடுப்படியில் ஆனந்தம் தானாகப் பொங்கியது என்று நினைத்தால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். முதல் பத்து வருஷம் உள்ளத்தில் ஓயாத போராட்டம். தமக்கு மோட்சமே இல்லை என்று நான்கு வருஷம் நம்பியிருந்தார். மரத்துக்குக் குளிர்காலம் சில மாதம். அவருக்கோ பத்து வருஷம்! இந்த வேதனையிலேயே ஆயுள் கழிந்தாலும் சரி என்று அவர் துணிந்த பிறகுதான் மனம் அமைதி கண்டது.

சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும், தரையில் கிடக்கும் துரும்பைக் குனிந்து எடுப்பதையும் கடவுளுக்காகவே செய்தார். மடத்துக்கு ஒயின் வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். நொண்டிக் காலுடன் படகில் நடமாட முடியவில்லை. பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டே நகர்ந்தார். காரியம் கடவுளுடையது, தமக்கென்ன கவலை என்று இருந்துவிட்டார்.

1666-இல் ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர் அவரைக் கண்டு பேசிக் குறிப்பெழுதி வைத்தார். 1691-இல் லாரன்ஸ் காலமானார். அந்தக் குறிப்புகளும் அவருடைய கடிதங்களும் பின்னர் சிறு புத்தகமாயின. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

மரத்தைப் பார்த்து மனம் நெகிழ்வது நம்மில் யாருக்கும் ஒருநாள் நேரக்கூடியதே. ஒரு துளிரையும் காணாத அந்தப் பத்து வருஷமும், பிடிக்காத வேலையைச் செய்துகொண்டே, என்றோ பார்த்த மரத்தை அவர் மறக்காமல் இருந்தாரே! அதை நினைக்கும்போதுதான் எனக்கு அவரிடம் மரியாதை உண்டாகிறது.