நாள் குறிக்கும் முன்

பலரும் முரண்பட்டு நிற்கும் ஒரு பொதுப் பிரச்சினையில், 'இன்ன நாளுக்குள் முடிவு செய்தே தீருவோம்' என்று அரசாங்கம் முன்கூட்டியே கெடு விதிக்கலாமா? இது ஏட்டளவில் எழும் வினா அன்று. நம் அண்மைக்கால வரலாறு இவ்வினாவுக்கு இருவேறு விடைகளை எழுதிவைத்திருக்கிறது. அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆவடியை நான் தேர்ந்துகொள்கிறேன்.

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை அடுத்த ஆவடியில் 1955ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது மாநாடு கூடியது. யு. என். தேபர் தலைமை வகித்தார். அப்பொழுது காமராசர் சென்னை மாநில முதலமைச்சர். சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்த மாநாடாகவே மாணவர்கள் அதை அறிந்திருப்பீர்கள். நான் அதை நினைவூட்டுவது வேறொரு காரணம் பற்றி. அந்நாளில் தமிழகத்தின் முன் இரண்டு பெரும் வழக்குகள் தீராமல் கிடந்தன. ஒன்று வடக்கெல்லை, அதற்கு நாள் குறிக்கப்படவில்லை. மற்றொன்று ஆட்சிமொழி, அதற்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஒன்று கெடு இல்லாத வழக்கு. மற்றொன்று கெடு உள்ள வழக்கு. இரண்டும் எவ்வாறு முடிந்தன என்பதைக் காண்போம்.

முதலில் எல்லை வழக்கு. ஆந்திர மாநிலம் வேண்டி உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். நான்கே நாட்களில் பிரதமர் நேரு தனி மாநிலம் அமையுமென அறிவித்தார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் புதிய மாநிலம் பிறந்தது. அந்த நாளுக்கு முன்பாகவே பெல்லாரி வட்டம் யாருக்கு உரியது என்பதை ஆராய நீதிபதி எல். எஸ். மிஸ்ரா அமர்த்தப்பட்டார், அவருடைய அறிக்கைப்படி அது மைசூரைச் சேர்ந்தது. ஆனால் தெற்கே, சித்தூர் மாவட்டம் முழுவதும் அப்படியே ஆந்திராவுடன் வைக்கப்பட்டது. அதனுள் அடங்கியிருந்த திருத்தணிப் பகுதியின் வழக்கு 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கப்பட்டது.

'பிறகு' என்ற சொல்லுக்கு நாட்காட்டியில் இடமில்லை. ஆவடியிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை திருவள்ளூர், அரக்கோணம் வழியாகத் திருத்தணியை அடைகிறது. அவ்வளவு அண்மையில் வாழ்ந்த மக்களுக்குத் தாங்கள் எந்த மாநிலத்தார் என்பது ஆண்டுக்கணக்கில் உறுதிப்படவில்லை. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் மக்களைத் திரட்டிப் போராடினர். மறியலும் சிறைவாசமும் தொடர்ந்தன. இறுதியில் எச். வி. படாஸ்கர் நடுவராக அமைந்தார். கிராமத்தை அலகாகக் கொள்வது, நிலத் தொடர்ச்சியைப் பார்ப்பது, பெரும்பான்மையோர் பேசும் மொழியைக் கணக்கிடுவது என்று அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. 1959ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழகத்திலிருந்தும் சில ஊர்கள் ஆந்திராவுக்குச் சென்றன. ஆறரை ஆண்டுகள் கழிந்தன. அளவுகோல் முன்னரே வகுக்கப்பட்டு, அதற்கொரு நாளும் குறிக்கப்பட்டிருந்தால் இத்துணைக் காலம் வீணாகியிராது. ஆகவே கெடு வேண்டும் என்போர் பக்கம் நியாயம் உண்டு. கெடு இல்லாத வழக்கில், தாமதத்தால் பயன் பெறுவோர்க்கு வாளாவிருத்தலே வெற்றியாகிவிடுகிறது.

இனி மொழி வழக்குக்கு வருவோம். 1950 ஜனவரி 26 முதல் பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலம் நீடிக்கும். அதன்பின் இந்தியே ஒன்றிய அரசின் ஆட்சிமொழியாகும் என்று அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு வகுத்தது. ஐயத்துக்கு இடமில்லாத நாள் இது. ஆனால் மக்களின் இசைவை எவ்வாறு பெறுவது என்பதற்கு அத்துணைத் தெளிவான வழி வகுக்கப்படவில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் துணைமொழியாக இருக்கும் என்று 1959ஆம் ஆண்டு நேரு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமோ ஆங்கிலம் 'நீடிக்கலாம்' என்றது. 'நீடிக்கும்' என்று கூறவில்லை. அந்த ஒரு சொல்லில் தமிழகத்தின் அச்சம் குடிகொண்டது.

குறித்த நாள் நெருங்க நெருங்கக் கொதிப்பு மிகுந்தது. 1965 ஜனவரியில் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். தீக்குளித்தவர்கள் உண்டு, துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்கள் பலர். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். பிப்ரவரி 11ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் உறுதிமொழியை நிலைநாட்டினார். 1967ஆம் ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம் என்ன செய்தது என்பதை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது புதியதொரு நாளைக் குறிக்கவில்லை. நாளின் இடத்தில் ஒரு நிபந்தனையை வைத்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றி, பின்னர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இசைந்தாலன்றி ஆங்கிலம் விலகாது என்றது. நாட்காட்டியின் கையிலிருந்த முடிவு மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்தது.

அப்படியானால் எல்லைத் தகராறுகளுக்குக் கெடு நல்லது, மொழிக்குத் தீது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் அவசர முடிவே. 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைப்பதாகக் கூறிய பிரிட்டிஷ் அரசாங்கம், பின்னர் அதனை 1947 ஆகஸ்டு 15 என முன்னே இழுத்தது. இதற்குமுன் இந்தியாவையே கண்டிராத சர் சிரில் ராட்கிளிஃப் ஜூலை 8ஆம் நாள் வந்து, ஐந்து வாரங்களுக்குள் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்கும் கோடுகளை வரைந்தார். அவை வெளியானதோ ஆகஸ்டு 17ஆம் நாள். விடுதலை வந்து இரண்டு நாள் கழிந்த பின்! அதுவரை தம் ஊர் எந்த நாட்டில் என்றறியாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. அதற்கு மாறாக, 1953இல் அமைந்த மாநிலச் சீரமைப்புக் குழுவுக்கு 1955 ஜூன் 30 வரை அவகாசம் தரப்பட்டது. பணி முடியாமையால் செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நாளிலேயே அறிக்கையும் வந்தது. ஆராய்ச்சிக்குக் கெடு இருந்தது. அக்கெடுவுக்கு வேண்டிய நெகிழ்ச்சியும் இருந்தது.

நம் வீடுகளில் திருமணத்துக்கு நாள் குறிப்பதை எண்ணிப் பாருங்கள். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் பேசி மனமொத்து, வெற்றிலை பாக்கு மாற்றிய பின்னரே பஞ்சாங்கத்தைப் பிரிப்பர். நாளை முதலில் குறித்துவிட்டு இசைவைப் பின்னர் தேடுவது நம் மரபன்று. அதே வேளையில், பேசி முடித்தும் நாள் குறிக்காமல் இழுத்தடிப்பவரை ஊர் மதிப்பதும் இல்லை.

அரசியலிலும் இதுவே முறை என்பது என் துணிபு. யார் முடிவு செய்வது, எந்த அளவுகோலால் முடிவு செய்வது என்னும் இரண்டும் முதலில் தெளிவாகட்டும். அவை தெளிந்தபின் அரசாங்கம் தனக்குத் தானே நாள் குறித்துக்கொள்ளட்டும், அது கடமை. அக்கெடு ஆள்வோரின் சோம்பலை நெருக்க வேண்டுமேயன்றி மக்களின் மனத்தை நெருக்கலாகாது. மனம் இசைந்தாலன்றி நிலைபெறாத முடிவுகளுக்கோ, நாளைக் காட்டிலும் நிபந்தனையே பாதுகாப்பு.

ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருத்தணியும் இன்று ஒரே திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியிருக்கின்றன. அங்கே எல்லைக்காக இன்று எவரும் மறியல் செய்வதில்லை. 1967ஆம் ஆண்டின் நிபந்தனையும் சட்டப்புத்தகத்தில் அவ்வாறே இருக்கிறது. நாளை ஏதேனும் ஓர் அரசாங்கம் பெரியதொரு முடிவுக்கு நாள் குறிக்கும்பொழுது, 'எந்த நாள்?' என்பதோடு நின்றுவிடாதீர்கள், 'யாரைக் கேட்டு?' என்றும் வினவுங்கள்.