புகுபதிகைப் பதிவேட்டு வழுக்கள் (லினக்ஸ் வழங்கி)

புகுபதிகைப் பதிவேடு என்பது, யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் எந்தப் பயனர், எங்கிருந்து, எப்பொழுது உள்நுழைந்தார், எப்பொழுது வெளியேறினார் என்பதைக் குறித்து வைக்கும் கோப்புத் தொகுதி ஆகும். லினக்ஸ் வழங்கிகளில் மரபாக நான்கு கோப்புகள் இப்பணியைச் செய்கின்றன. தற்பொழுது உள்ளே இருப்போரை யூடிஎம்பி கோப்பும், புகுபதிகை வரலாற்றை டபிள்யூடிஎம்பி கோப்பும், தோல்வியுற்ற முயற்சிகளைப் பிடிஎம்பி கோப்பும், ஒவ்வொரு பயனரின் கடைசி வருகையை லாஸ்ட்லாக் கோப்பும் காட்டுகின்றன. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் இம்மரபில் வந்ததே.

அமைப்பு

இவை உரைக் கோப்புகள் அல்ல, இருமக் கோப்புகள். எக்ஸ்86 வகைக் கணினிகளில் டபிள்யூடிஎம்பி பதிவு ஒவ்வொன்றும் 384 பைட்டுகள் நீளமுடையது. அதில் பயனர் பெயருக்கு 32 பைட்டுகளும், அவர் இணைந்த கணினியின் பெயருக்கு 256 பைட்டுகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. பதிவுகளுக்கு இடையே பிரிப்புக்குறி எதுவும் இல்லை. படிக்கும் நிரல் 384 பைட்டுகளாக எண்ணிக்கொண்டு செல்கிறது. ஓரிடத்தில் ஒரு பைட்டு கூடினாலும் குறைந்தாலும் வரிசை பிசகிவிடும்.

பதிவு நின்றுபோதல்

மிகப் பரவலான வழு இதுவே. வட்டில் இடம் போதாதபோது நிர்வாகி டபிள்யூடிஎம்பி கோப்பை அழித்துவிடுகிறார். கோப்பு இல்லையெனில் புகுபதிகை நிரல்கள் அதைப் புதிதாக உருவாக்குவதில்லை. பதிவு செய்யாமலே மேற்செல்கின்றன. தேவைப்படும் நாளில்தான் குறை தெரியவரும். வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, உரிமையாளராக ரூட், குழுவாக யூடிஎம்பி, அனுமதி 664 என அமைத்தால் பதிவு மீண்டும் தொடங்கும். இடம் வேண்டுமானால் கோப்பை அழிக்காமல், படியெடுத்த பின் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கலாம்.

பிடிஎம்பி கோப்பின் அனுமதி 600 அல்லது 660 ஆக இருத்தல் வேண்டும். அவசரத்தில் பயனர் பெயருக்குரிய இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டச்சிடுவோர் உண்டு. அது அப்படியே இக்கோப்பில் பதிவாகிவிடும். எனவே பிறர் படிக்கும்படி அனுமதி தளர்ந்திருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் வழங்கி நிரல் இதில் எழுத மறுக்கிறது.

சிதைந்த பதிவுகள்

'லாஸ்ட்' கட்டளை பொருளற்ற எழுத்துகளைக் காட்டினால், முதலில் கோப்பின் அளவை 384ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். மீதி வந்தால் எங்கோ ஒரு பதிவு அரைகுறையாக உள்ளது. கோப்பின் இறுதியில் உள்ள அரைகுறைப் பதிவை, அடுத்த பதிவை எழுதும்பொழுது க்னூ சி நூலகமே வெட்டிவிடுகிறது. நடுவில் ஏற்படும் பிசகோ பெரும்பாலும் மனிதர் செயலால் வருவது: உரைத் தொகுப்பியில் திறந்து சேமித்தல், வேறு கட்டமைப்புடைய கணினியின் கோப்பைக் கொண்டுவந்து ஒட்டுதல் போன்றவை.

'யூடிஎம்பிடம்ப்' கட்டளை பதிவுகளை உரையாக மாற்றித் தருகிறது. பழுதான வரிகளை நீக்கியபின் அதே கட்டளையால் மீண்டும் இரும வடிவுக்குக் கொண்டுவரலாம். ரூட் உரிமை பெற்ற ஊடுருவாளரும் இக்கருவியால் பதிவைத் திருத்த இயலும் என்பது இதன் மறுபக்கம். ஆகவே பழுதுபார்க்கும் முன் மூலக் கோப்பின் படியைத் தனியே காப்பது கட்டாயம்.

நேரப் பிழைகள்

நேரம் 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கையாகச் சேமிக்கப்படுகிறது. அதன் மதிப்பு சுழியானால், இந்திய நேரப்படி அந்நாள் காலை 5.30 எனத் திரையில் தெரியும். பயனர் பெயர் சரியாக இருந்து நேரம் மட்டும் இவ்வாறிருந்தால் கணினிக் கடிகாரத்தை ஐயுறலாம். பெயரும் வெறுமையாக இருந்தால் யாரோ பதிவின் மீது சுழிகளை எழுதி அழித்திருக்கக்கூடும். இத்தகைய அழிப்புகளைத் தேடும் கருவி 'செக்ரூட்கிட்' தொகுப்பில் உள்ளது. வன்பொருள் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓட, இயங்குதளம் அதை உலக நேரம் எனக் கொண்டால், எல்லாப் பதிவுகளும் 5 மணி 30 நிமிடம் முந்திக் காட்டும்.

வழு அல்லாதவை

எடுத்துக்காட்டாக, கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியத்தில் ஒரு பள்ளியின் வழங்கி மின்தடையால் திடீரென அணைந்தது எனக் கொள்வோம். வெளியேறல் பதிவு எழுதப்படாததால், மறுமுறை இயங்கும்போது 'லாஸ்ட்' கட்டளை அந்த அமர்வைக் 'கிராஷ்' என்று காட்டும். இது பதிவேட்டின் பழுதன்று, நடந்ததை உள்ளபடி கூறுவதே. அதுபோல், முனையம் இன்றி எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பை மட்டும் படியெடுத்துச் சென்றவர் டபிள்யூடிஎம்பி கோப்பில் தோன்றமாட்டார்.

லாஸ்ட்லாக் கோப்பு பலரையும் திகைக்க வைப்பது. பயனர் எண் ஒன்றுக்கு 292 பைட்டு என இடம் கணக்கிடப்படுவதால், 429 கோடியை ஒட்டிய பயனர் எண் ஒன்று இருந்தால் கோப்பின் அளவு சுமார் 1.25 டெராபைட்டு எனத் தெரியும். வட்டில் உண்மையில் பிடிக்கும் இடம் மிகச் சிறிதே. ஆயினும் இடைவெளிகளை உணராத காப்புப்படி நிரல், சுழிகளையெல்லாம் எழுதி வட்டை நிரப்பிவிடும்.

தடயமாகப் பேணல்

செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, இந்தியாவில் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தம் கணினிப் பதிவுகளை 180 நாள்களுக்குப் பேணுதல் வேண்டும். பல லினக்ஸ் வழங்கல்களில் பிடிஎம்பி கோப்பு முன்னிருப்பாக மாதம் ஒருமுறை சுழற்றப்பட்டு, ஒரேயொரு பழைய படி மட்டும் வைக்கப்படுகிறது. அதாவது இரண்டு மாதங்களுக்கு முந்தைய தடயம் தானே மறைந்துபோகும். 'லாக்ரொட்டேட்' அமைப்பில் சுழற்சி எண்ணிக்கையை ஆறு அல்லது ஏழாக உயர்த்தினால் இக்குறை நீங்கும். படியொன்றை வேறு வழங்கிக்கும் அனுப்புவது இன்னும் நன்று.

அண்மைய மாற்றங்கள்

மரபான பதிவின் நேரப் புலம் 32 இரும இலக்கம் உடையதாதலால், 2038 சனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8.44க்குப் பின் அது நிரம்பி வழியும். இதைத் தவிர்க்க எஸ்கியூலைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் டபிள்யூடிஎம்பிடிபி, லாஸ்ட்லாக்2 ஆகியன உருவாக்கப்பட்டன. 2025 ஆகத்தில் வெளிவந்த டெபியன் 13இல் பழைய 'லாஸ்ட்' கட்டளை நீக்கப்பட்டுள்ளது. மேம்படுத்திய வழங்கியில் அக்கட்டளை காணப்படவில்லை எனில் டபிள்யூடிஎம்பிடிபி பொதியை நிறுவுதல் வேண்டும்.